ஸ்டெத் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

போன ஞாயிறு இரவு, கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் ஜூனியரான ஒரு பெண் போன் செய்தாள். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தபிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "அக்கா, பாப்பாவுக்கு நாலு நாளா இருமல். நெஞ்சுல வெச்சுக் கேட்டுப் பார்க்கலாம்னு ஸ்டெத்தைத் தேடினேன். எந்தப் பெட்டியில போட்டேன்னே தெரியலக்கா."

எம்டி மெடிசின் முடித்தவள் அவள். நான்கு வருடம் பெரிய மருத்துவமனை ஒன்றின் வார்டில் இரவு பகல் பார்க்காமல் நின்றவள். கல்யாணமாகி அமெரிக்கா போனாள். அந்த நாட்டு உரிமத் தேர்வுகளில் ஸ்டெப் 1 பாஸ், ஸ்டெப் 2 பாஸ், மருத்துவர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி பாஸ், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கு அங்கே கொடுக்கும் ஈசிஎஃப்எம்ஜி சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. மருத்துவமனைகளில் பயிற்சி இடம் ஒதுக்கும் ரெசிடென்சி மேட்சுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாள், இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. பயிற்சியில் சேரத் தகுதியானவள் என்று எழுத்தில் கொடுத்தாகிவிட்டது, ஆனால் ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு அனுமதி கிடையாது. கடைசியாக அவள் ஒரு நோயாளியைப் பரிசோதித்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நாட்டில் படித்த மருத்துவர் இன்னொரு நாட்டில் உரிமம் வாங்குவதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதமாக நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நானும் அந்த வழியாக வந்தவள்தான், பிரிட்டனில், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பிளாப் தேர்வு எழுதி. இப்போது வார இறுதிகளில் வெவ்வேறு நாடுகளில் இந்தத் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களோடு வீடியோ அழைப்பில் பயிற்சி செய்கிறேன். அவர்களிடமிருந்து கேட்டதும் நானே பட்டதும் சேர்ந்து மனதுக்குள் ஒரு பாரமாகவே கிடக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேர்வே வேண்டாம், வெளிநாட்டுப் பட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்பவள் இல்லை நான். 2008ல் பிரிட்டனில் நடந்த ஒரு சம்பவம் எங்கள் துறையில் பலருக்கும் தெரிந்திருக்கும். ஜெர்மனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவர், வார இறுதி டியூட்டிக்காக விமானத்தில் வந்து இறங்கினார். சிறுநீரகக் கல் வலியில் துடித்த 70 வயதுக்காரர் ஒருவருக்கு டயமார்ஃபின் என்ற கடுமையான வலி மருந்தை ஊசியாகப் போட்டார். அவருக்குப் பழக்கமே இல்லாத மருந்து, அதுவும் 100 மில்லிகிராம், கொடுக்க வேண்டியதைப் போல் பத்து மடங்கு. நோயாளி இறந்துபோனார். அந்தக் காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டின் மருத்துவப் பதிவு இருந்தால் இன்னொரு நாட்டில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விதி, ஆங்கிலம் தெரியுமா என்று சோதிக்கக்கூட பிரிட்டனின் மருத்துவக் கவுன்சிலான ஜிஎம்சிக்கு அதிகாரம் இல்லை. 2014ல்தான் அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு குடும்பம் தன் மனிதரை இழந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 1990களில் ஒரு பெண் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்ததாகப் போலிச் சான்றிதழ் காட்டி, காமன்வெல்த் நாடுகளில் படித்தவர்களுக்கு அப்போது பிரிட்டனில் இருந்த எளிய வழியில் பதிவு வாங்கி, இருபது வருடத்துக்கும் மேலாக மனநல மருத்துவராக வேலை பார்த்தார். 2018ல்தான் விஷயம் வெளியே வந்தது. அதே எளிய வழியில் பதிவான சுமார் 3000 பேரின் ஆவணங்களை மறுபடியும் சரிபார்க்க வேண்டியதாயிற்று. 2023ல் அவருக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை. மனம் உடைந்து வந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் எதிரில் இருப்பவர் மருத்துவர் என்று நம்பித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் ஆவணச் சரிபார்ப்பு என்றதும் அலுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் அந்தச் சரிபார்ப்பு நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் கொடுக்கும் சான்றிதழை யாரும் நம்ப மாட்டார்கள், அது சரிதான். பட்டம் கொடுத்த இடத்தையே நேராகக் கேட்பார்கள். வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு எபிக் என்று அதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. கேள்வி அங்கிருந்து போய்விடும். பதில் சொல்ல வேண்டியது உங்கள் கல்லூரி அலுவலகம். என் விஷயத்தில் அந்த மின்னஞ்சல் ஐந்து மாதம் யாருடைய மேசையிலோ கிடந்தது. கேட்டால் "அந்த செக்‌ஷன் மாறிடுச்சும்மா, அடுத்த வாரம் கூப்பிடுங்க" என்பார்கள். அவர்களுக்கு அது ஒரு ஃபைல். எனக்கு அந்த ஐந்து மாதமும் வாடகையும் சேமிப்பும் உறக்கமும் சேர்ந்து கரைந்த காலம்.

இதில் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு காலாவதித் தேதி உண்டு என்பது. ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் வழக்கமாக 2 ஆண்டுதான் செல்லும். ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் கவுன்சிலிலிருந்து வாங்கும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழ், அதாவது இவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்ற கடிதம், ஜிஎம்சிக்கு 3 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஈசிஎஃப்எம்ஜி சான்றிதழுக்கான தேர்வுகளை 7 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும், அதைப் புதுப்பித்து முடிப்பதற்குள் மூன்றாவது ஒன்று. ஆங்கில மதிப்பெண் முடிந்துபோனதால் மறுபடி ஓஇடி எழுதிய ஒருவர் என்னிடம் சொன்னார், இந்த இரண்டு வருடமும் அவர் ஆங்கிலத்தில் மட்டும்தான் படித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தாராம்.

போரில் ஊரை விட்டு ஓடி வந்த மருத்துவர்களை நினைத்தால் இதெல்லாம் சாதாரணம் என்று தோன்றும். கல்லூரிக் கட்டடமே இல்லை, அலுவலகத்தில் இருந்தவர்களும் எங்கோ சிதறிப்போய்விட்டார்கள் என்றால் யாரிடம் போய் உறுதி கேட்பது? சிலருக்குத் தான் மருத்துவர் என்று உறுதி கேட்கும் கடிதத்தைத் தன்னை விரட்டிய அரசுக்கே எழுத வேண்டிய நிலை. இதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

சரி, தேர்வுகளுக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஸ்டெப் 1 ஒரே நாளில் 8 மணி நேரம், அதிகபட்சம் 280 கேள்விகள். 2022 ஜனவரி வரை அதற்கு மதிப்பெண் உண்டு, அந்த ஒரு எண்ணை வைத்தே ஆளை எடை போட்டார்கள், இப்போது பாஸ், ஃபெயில் மட்டும்தான். ஸ்டெப் 2 அதைவிட நீளம், 9 மணி நேரம். நோயாளியாக நடிப்பவரை நேரில் பார்க்கும் தேர்வு ஒன்று தனியாக இருந்தது, கோவிட் வந்தபோது 2020ல் நிறுத்தி 2021ல் நிரந்தரமாகவே எடுத்துவிட்டார்கள். பிரிட்டனின் பிளாப் 1 என்பது 3 மணி நேரத்தில் 180 கேள்விகள். பிளாப் 2 மான்செஸ்டரில் நடக்கும் ஆஸ்கி வகைத் தேர்வு, அதாவது நோயாளியாக நடிப்பவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்ப்பது: 16 ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம், கதவுக்கு வெளியே நின்று படித்துப் பார்க்க ஒன்றரை நிமிடம். ஜெர்மனியில் இன்னொரு விதம். அங்கே மருத்துவ மொழித் தேர்வு மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 20 நிமிடம்: நோயாளியோடு பேச வேண்டும், பேசியதை எழுத வேண்டும், பிறகு அதை இன்னொரு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு அந்த அமைப்பு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் வார்டில் உண்மையில் நடப்பது அந்த மூன்றும்தான்.

பாடம் தெரியாமல் இந்தத் தேர்வுகளில் தோற்பவர்கள் உண்டு. ஆனால் என்னோடு பயிற்சி செய்கிறவர்களில் பெரும்பாலோர் பாடத்தில் கெட்டி. நான் பிளாப் 2ல் முதல் முறை தோற்றபோது என் பாட அறிவில் குறை எதுவும் இல்லை என்று இப்போதும் நம்புகிறேன். அங்கே என்ன வந்தது என்று வெளியே சொல்லக் கூடாது, அது விதி, அதனால் பயிற்சியில் அடிக்கடி வரும் ஒன்றைச் சொல்கிறேன். தலைவலி என்று ஒருவர் வருகிறார். நாம் வரிசையாகக் கேட்கிறோம்: எத்தனை நாளாக, எந்தப் பக்கம், வாந்தி உண்டா, வெளிச்சம் பட்டால் கூடுகிறதா. நான்காவது நிமிடத்தில் இது மைக்ரேன் என்று முடிவு செய்து மருந்தும் சொல்லிவிடுகிறோம். நோயறிதல் சரி, மருந்து சரி, ஸ்டேஷன் ஃபெயில். அவருடைய அண்ணன் மூளைக் கட்டியில் இறந்தவர். நமக்கும் அப்படித்தானோ என்ற பயத்தில்தான் அவர் அன்று வந்திருக்கிறார். "நீங்க எதை நினைச்சுப் பயப்படுறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நாம் கேட்கவே இல்லை.

ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் ஓபியில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி நாக்கில் வராது. வேண்டாம் என்று இல்லை, நேரமே இருந்ததில்லை. முதலில் எனக்கு இது நடிப்பாகத் தெரிந்தது, மனப்பாடம் செய்த அன்பு என்று கோபப்பட்டிருக்கிறேன். பிறகுதான் இதன் பின்னால் இருக்கும் சட்டத்தையும் வரலாற்றையும் படித்தேன். ஸ்காட்லாந்தில் சர்க்கரை நோய் உள்ள ஒரு கர்ப்பிணிக்கு, குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அவர் போன்றவர்களுக்கு 100க்கு 9, 10 பேர் அளவுக்கு உண்டு என்பதை மருத்துவர் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று நினைத்தார். 1999ல் பிரசவம் அப்படித்தான் சிக்கலானது, குழந்தைக்கு மூளை பாதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2015ல் தீர்ப்பு வந்தது: எந்த ஆபத்து தனக்கு முக்கியம் என்று முடிவு செய்யும் உரிமை நோயாளியுடையது, மருத்துவர் மறைத்து வைக்கக் கூடாது. அதைப் படித்தபிறகு நான் அந்தக் கேள்விகளை வேறு மனதோடு கேட்க ஆரம்பித்தேன். இரண்டாவது முறை பாஸ் ஆனேன். இன்றைக்கும் வார்டில் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நான் படுக்கையை விட்டு நகர்வதில்லை. அந்தத் தேர்வு என்னை மேலான மருத்துவராக்கியது என்று மனமாரச் சொல்வேன்.

ஆனால் என்னை உண்மையில் காப்பாற்றியது தேர்வுக்குப் பிறகு கிடைத்த முதல் சில வாரங்கள். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவே எழுத வேண்டியதில்லை.

வேலையில் சேர்ந்ததும் சில வாரம் என்னைத் தனியாக விடாமல் ஒரு சீனியர் மருத்துவரோடு கூடவே நடக்க வைத்தார்கள். ஒரு நாள் அதிகாலை மூன்று மணி இருக்கும். நர்ஸ் வந்து ஒரு பெரியவருக்கு சுகர் 22 என்றார், ஆள் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறார் என்றும் சொன்னார். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. 22 என்றால் உயிர் போகும் அளவுக்குத் தாழ்ந்த சுகர், உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், கை தானாக டிராலிப் பக்கம் போகிறது. அந்த சீனியர் அமைதியாக, "இங்கே அளவு மில்லிமோல், மறந்துவிடாதே" என்றார். அவர்கள் கணக்கில் 22 என்றால் நான் பழகிய கணக்கில் 18ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 400. தாழ்ந்த சுகர் இல்லை, எகிறிப்போன சுகர். நான் ஏற்ற நினைத்தது அவருக்கு மேலும் கேடு செய்திருக்கும். மில்லிமோல் கணக்கு எனக்குத் தெரியாததா? அதே கணக்கில்தான் பிளாப் எழுதி பாஸ் செய்தேன். ஆனால் மூன்று மணிக்கு, களைப்பில், பயத்தில், பத்து வருடம் பழகிய மூளைதான் முதலில் பேசும்.

இப்படி எத்தனையோ. ஒரு நாட்டில் அட்ரினலின் என்பதை இன்னொரு நாட்டில் எபிநெஃப்ரின் என்பார்கள், சால்புட்டமால் என்பது அல்புட்டெரால் ஆகிவிடும், பாராசிட்டமால் அசிட்டமினோஃபென். சிறுநீரகச் சோதனையான கிரியாட்டினின் வேறு அலகில் வரும். யாரை எப்போது எழுப்பலாம், யாரிடம் கேட்டால் அது தவறாகப்படாது, உயிர் காக்கும் சிகிச்சையை இதற்கு மேல் வேண்டாம் என்று எழுதிய படிவத்தை எங்கே தேடுவது, இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் பத்து நாளில் வந்துவிடும். 2008ல் விமானத்தில் வந்து இறங்கிய அந்த மருத்துவரின் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தால்? அந்த மருந்துக் குப்பியைக் கையில் வாங்கிப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால்? பலமுறை யோசித்திருக்கிறேன்.

அதனால்தான் என் ஜூனியர் மாதிரியானவர்களின் நிலை எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது. அறிவைச் சோதிக்க மணிக்கணக்கில், நாள்கணக்கில், வருடக்கணக்கில் ஏற்பாடு இருக்கிறது. சோதனையில் தேறியவரைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கும் இடம்தான் இல்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் மருத்துவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர், அவர்கள் இல்லாமல் அந்த நாட்டின் மருத்துவமனைகள் ஓடாது. ஆனால் ரெசிடென்சிக்குப் போட்டியிடும் வெளிநாட்டு மருத்துவர்களில் இந்தச் சில வருடங்களாக 100க்கு ஏறத்தாழ 60 பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. மீதி 40 பேரும் தேர்வில் தோற்றவர்கள் இல்லை. தேர்வில் தேறாதவர் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது. ஊரில் இருபது வருடம் இதய மருத்துவராக இருந்தவரும் பெரும்பாலும் முதல் வருட ரெசிடென்டாகத்தான் மறுபடி தொடங்க வேண்டும், அதற்கும் இடம் கிடைத்தால். பிரிட்டனில் பதிவு வாங்குவது வரை வழி நேராகத்தான் இருக்கும், ஆனால் இப்போது முதல் வேலைக்கு ஒரே பணியிடத்துக்கு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வருகின்றன. பிளாப் பாஸ் செய்துவிட்டு ஒரு வருடமாக விண்ணப்பம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் என் ஞாயிற்றுக்கிழமைக் குழுவிலேயே மூன்று பேர்.

காத்திருக்கும் காலம் சும்மா போவதில்லை, ஆளைத் தேய்த்துக்கொண்டே போகிறது. கை மறக்கும், காது மறக்கும். அது மட்டுமா, அந்தத் தேய்மானத்தையே காரணம் காட்டிக் கதவை இன்னும் இறுக்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மருத்துவர்களுக்கு அண்மைப் பயிற்சி விதி என்று ஒன்று உண்டு: கடந்த 12 மாதத்தில் 152 மணி நேரம், அல்லது 3 ஆண்டில் 456 மணி நேரமாவது வேலை செய்திருக்க வேண்டும். நியாயமான விதிதான், பல வருடம் நோயாளியைப் பார்க்காதவரிடம் என் குழந்தையை நானே காட்டத் தயங்குவேன். அமெரிக்காவில் பல ரெசிடென்சி திட்டங்கள் பட்டம் வாங்கி ஐந்து வருடம் ஆகிவிட்டால் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்ப்பதில்லை. வேலை கொடுக்காமல் வருடக்கணக்கில் காக்க வைத்தது யார்? பிறகு "ஏன் இந்த இடைவெளி?" என்று நேர்காணலில் கேட்பதும் அவர்களேதான். இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்யச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் அழாமல் அந்தப் பயிற்சியை முடித்ததில்லை.

அப்சர்வர்ஷிப் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். பல இடங்களில் அதற்கும் காசு கட்ட வேண்டும், ஒரு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம், நோயாளியைத் தொடக் கூடாது. எம்டி முடித்தவர் கையைக் கட்டிக்கொண்டு, மூன்றாம் வருட மாணவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். பரிந்துரைக் கடிதத்துக்காக அதையும் செய்கிறார்கள்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது, சில இடங்களில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். கனடாவின் பல மாகாணங்களில் 12 வார மதிப்பீடு ஒன்று உண்டு. ஏற்கெனவே தனியாக வேலை பார்த்த அனுபவமுள்ள மருத்துவரை ஒரு கிளினிக்கில் உண்மையான நோயாளிகளோடு வேலை செய்ய விடுகிறார்கள், மேற்பார்வையாளர் ஒருவர் கூட இருந்து நாள்தோறும் பார்க்கிறார், சரியாக இருந்தால் உரிமம். ஜெர்மனியில் பட்டம் அங்குள்ள பட்டத்துக்குச் சமம்தானா என்று முடிவாவதற்கு முன்பே, மொழித் தேர்வை முடித்தவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டுவரை தற்காலிக அனுமதி கொடுத்து மேற்பார்வையில் வேலை செய்ய விடும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் டென்னஸி மாநிலம் 2023ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஈசிஎஃப்எம்ஜி சான்றிதழும் வெளிநாட்டில் முறையான பயிற்சியும் இருந்தால், ரெசிடென்சியை மறுபடி செய்யாமலே, பயிற்சித் திட்டம் நடத்தும் மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ் தற்காலிக உரிமத்தோடு வேலை, 2 ஆண்டு நல்லபடியாக முடித்தால் முழு உரிமம். வேறு சில மாநிலங்களும் அதே பாதையில் சட்டம் இயற்றியிருக்கின்றன. அதிகாலை மூன்று மணிக்கு எனக்குக் கிடைத்த அந்த சீனியரை, இந்தத் திட்டங்கள் எல்லோருக்கும் கொடுக்கப் பார்க்கின்றன என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு எதிராகச் சொல்வார்கள், வெளிநாட்டு மருத்துவர்களால் தரம் குறையும் என்று. 2017ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களை எடுத்துக்கொண்டு, 30 நாளுக்குள் இறந்தவர்களின் விகிதத்தைக் கணக்கிட்டிருந்தார்கள். வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பார்த்தவர்களில் 11.2 சதவீதம், அமெரிக்காவில் படித்தவர்கள் பார்த்தவர்களில் 11.6 சதவீதம். சிறிய வித்தியாசம்தான், இவர்கள் மேல் அவர்கள் கீழ் என்று சொல்ல இதைப் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தரம் குறையும் என்று சொல்கிறவர் ஒரு எண்ணையாவது காட்டட்டும்.

உரிமத்தோடு சேர்ந்து வரும் நிபந்தனைகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர் 2 ஆண்டு தன் நாட்டுக்குத் திரும்ப வேண்டும், அல்லது மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் 3 ஆண்டு வேலை செய்தால் விலக்கு, அதிலும் கான்ராட் திட்டத்தில் ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 பேர்தான். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மருத்துவர்கள் 10 ஆண்டுவரை பற்றாக்குறைப் பகுதிகளில் இருந்தால்தான் அரசுக் காப்பீட்டில் கட்டணம் பெற முடியும் என்ற விதி இருக்கிறது. மருத்துவர் இல்லாத இடத்துக்கு மருத்துவர் போவது நல்லதுதானே, எனக்கு அதில் வருத்தமில்லை. என் வருத்தம் வேறு. அந்த நாட்டின் முறைகளுக்கே புதியவரை, பக்கத்தில் கேட்க ஆள் இல்லாத இடத்துக்கு முதலில் அனுப்புகிறோம், அங்கேயே பிறந்து படித்தவர் பெரிய மருத்துவமனையில் நான்கு சீனியர்கள் சூழ வேலை பழகுகிறார். தலைகீழாக இருக்க வேண்டியது இது. குறைந்தது முதல் ஆறு மாதமாவது.

பட்டம் வாங்கிய நாட்டை விட்டுவிட்டுப் போகலாமா என்ற கேள்வியும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2010லேயே இதற்கு ஒரு நெறிமுறை வகுத்தது, மருத்துவர்கள் மிகக் குறைவாக உள்ள நாடுகளிலிருந்து மற்ற நாடுகள் ஆள் பிடிக்கப் போகாதீர்கள் என்று அதில் இருக்கிறது. ஏற்கிறேன். ஆனால் போய்விட்ட ஒருவரை அங்கேயும் பயன்படுத்தாமல் வீட்டில் உட்கார வைத்தால் இரண்டு நாட்டுக்கும் நஷ்டம், அதையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

எதிர்த் திசையிலும் இதே கதை நடக்கிறது. வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்துவிட்டு இந்தியா திரும்புகிறவர்களுக்கு 2002லிருந்து எஃப்எம்ஜிஇ தேர்வு இருக்கிறது. 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் பாஸ், இருந்தும் தேர்வு நடந்த பல முறைகளில், எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறியிருக்கிறார்கள். இதில் சில கல்லூரிகளின் தரமும் ஒரு காரணம், மறுக்க மாட்டேன். அந்தக் கல்லூரிகளில் நோயாளியோடு பேச மொழி தெரியாமலே ஆறு வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேர்வு வடிகட்டட்டும். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை எழுதித் தோற்று நான்காவது வருடம் ஆகிவிட்ட பையனிடம், உனக்கு எது வரவில்லை, எங்கே போய்ப் பழகலாம் என்று சொல்ல ஒரு அமைப்பும் இல்லை. கோச்சிங் சென்டர் மட்டும்தான் இருக்கிறது.

போக நினைக்கிறவர்கள் கேட்டால் நான் சொல்வது கொஞ்சம்தான். கிளம்பும் முன் கல்லூரிக்கு நேரில் போய் டிரான்ஸ்கிரிப்ட், சிலபஸ், இன்டர்ன்ஷிப் சான்றிதழ் எல்லாவற்றையும் முத்திரையோடு பல பிரதிகள் வாங்கிவிடுங்கள், சரிபார்ப்புக் கடிதத்துக்குப் பதில் போடுகிற மனிதர் யார் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரின் எழுத்துகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள், இனிஷியலை முன்னால் போட்டதா பின்னால் போட்டதா என்பதற்காகவே ஆறு மாதம் இழந்தவர்கள் உண்டு. படிப்பதற்காக வேலையை விட்டுவிடாதீர்கள். இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. வாரத்துக்கு இரண்டு டியூட்டியாவது வைத்துக்கொண்டு படியுங்கள், மதிப்பெண் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. பார்த்த நோயாளிகளையும் செய்த வேலைகளையும் பெயர் விவரமில்லாமல் ஒரு லாக்புக்கில் தேதியோடு எழுதி சீனியரிடம் கையெழுத்து வாங்குங்கள். தேர்வு தேதி கிடைத்தபிறகு விசா, விசா கிடைத்தபிறகு வேலை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் காலம் கைவிட்டுப் போய்விடும்.

என் ஜூனியருக்கு இதையெல்லாம் சொல்லும் காலம் கடந்துவிட்டது. அன்று போனில் அவளுக்கு நான் சொன்னது, மூன்றாவது முறையும் விண்ணப்பி, டென்னஸி போலச் சட்டம் இருக்கும் மாநிலங்களில் எந்த மருத்துவமனை அந்த வழியில் ஆள் எடுக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக் கேட்போம், நானும் கூட உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதுதான். சரிக்கா என்றாள்.

புதன்கிழமை மெசேஜ் வந்தது. ஸ்டெத் கிடைத்துவிட்டதாம், புத்தகப் பெட்டிக்கு அடியில் இருந்ததாம், காதில் வைக்கும் ரப்பர் இறுகிப்போயிருந்ததாம். "பாப்பாவுக்கு வெச்சுக் கேட்டேன்க்கா. வலது பக்கம் கீழே கிரெப்ஸ் (நுரையீரலில் கேட்கும் நொறநொறச் சத்தம்) இருக்கிற மாதிரி ஒரு நிமிஷம் இருந்துச்சு, அப்புறம் இல்லாத மாதிரியும் இருந்துச்சு. முன்னாடின்னா கண்ணை மூடிட்டுச் சொல்லியிருப்பேன். உறுதியாச் சொல்லத் தெரியல. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்."